அப்போ வரேன்

கோடை விடுமுறையில் ஒரு டீச்சருக்கு என்ன பெரிய சுகம் என்று என்னைக் கேட்டால், சூடாக டீ குடிப்பதுதான் என்பேன். சிரிக்காதீர்கள். பள்ளிக்கூடம் நடக்கிற நாட்களில் நான் குடிக்கிற டீயெல்லாம் ஆறி, மேலே ஆடை படிந்த டீ. டம்ளரை வாயருகே கொண்டுபோகும்போதுதான் ஸ்டாஃப் ரூம் வாசலில் ஒருத்தன் மூக்கில் ரத்தத்தோடு வந்து நிற்பான். பின்னாலேயே குத்தினவன், தான் ஒன்றுமே பண்ணவில்லை என்று சத்தியம் செய்துகொண்டு நிற்பான். இரண்டு பேரையும் விசாரித்துத் தீர்ப்புச் சொல்லிவிட்டுத் திரும்பினால் டீயும் ஆறியிருக்கும், மணியும் அடித்திருக்கும்.

லீவில் அந்தத் தொல்லை கிடையாது. ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு நாக்கு பொசுங்கப் பொசுங்கக் குடிக்கலாம். தலைக்குக் குளித்துவிட்டு மொட்டை மாடி வெயிலில் முடியை விரித்துப் போட்டு உட்காரலாம். கையில் சிவப்புப் பேனா இல்லாமல் ஒரு புத்தகம் படிக்கலாம். நினைத்த நேரத்தில் பாத்ரூம் போகலாம். இதெல்லாம் ஒரு சுகமா என்று கேட்கிறவர்கள், ஒரே ஒரு வருஷம் டீச்சராக இருந்து பார்த்துவிட்டு வந்து பேசட்டும்.

அப்புறம் கடைத்தெரு. வேலைநாளில் காலை வேளையில் கடைத்தெரு எப்படி இருக்கும் என்பதே எனக்கு லீவில்தான் தெரியும். அவசரப்படாத கடைக்காரர்கள், பேரம் பேச நேரமுள்ள பெரியவர்கள், நிழலில் தூங்குகிற நாய்கள். நான் பலகைகளைப் படித்துக்கொண்டே நடப்பேன். நான் தமிழ் டீச்சர். பிழை இருந்தால் கண் தானாகப் போய் நிற்கும். சலவைக் கடைப் பலகையில் போன வருஷம் 'சளவையகம்' என்று இருந்தது. பொறுக்காமல் உள்ளே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். சலவைக்காரர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். இந்த வருஷம் புதுப் பலகை மாட்டியிருக்கிறார். 'சலவயகம்'. என்னைப் பார்த்ததும் வெளியே வந்து, இப்போது சரியா என்று முகமெல்லாம் மலர்ச்சியாகக் கேட்டார். சரி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். எனக்கும் லீவுதானே.

இப்படியெல்லாம் இருக்க வேண்டிய லீவு இந்த வருஷம் ஏனோ ருசிக்கவில்லை. ஏனோ என்று எழுதுவதே பொய். ஏன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். கணக்கு சார் ரிட்டையர் ஆகிவிட்டார்.

எங்கள் ஸ்டாஃப் ரூமில் எங்கள் இருவருக்கும் ஒரே மேஜை. அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். அவர் மனைவி தவறிப்போய்ப் பல வருஷம் ஆகிறது. எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. அம்மா படுக்கையில் விழுந்தாள், அவளைப் பார்த்துக்கொண்டேன், அவள் போனபோது எனக்கு வயது போயிருந்தது, அதற்கப்புறம் தனியாக இருந்து பழகிவிட்டது. அழுதுகொண்டு இருந்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். கீழ்வீட்டில் அண்ணனும் அண்ணியும், மாடியில் நான். சண்டை போட ஆளுண்டு, சாப்பிடக் கூப்பிட ஆளுண்டு.

கணக்கு சார் அதிகம் பேச மாட்டார். பேசினாலும் விடையை மட்டும் சொல்கிற மாதிரி இருக்கும், வழிமுறை இருக்காது. ஆனால் நான் பஞ்சாயத்து முடித்துத் திரும்பும்போதெல்லாம் என் டீ டம்ளர்மேல் ஒரு ஜாமெட்ரி பாக்ஸ் மூடியிருக்கும். சூடு போகாமல் இருக்கட்டும் என்று மூடி வைப்பார். அப்படியும் டீ ஆறித்தான் போகும். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. இத்தனை வருஷமும் நாங்கள் பேசாமல் விட்டது அது ஒன்றுதான் என்றால், நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

கடைசி வேலைநாளில் அவருக்குப் பிரிவு விழா வைத்தார்கள். தமிழ் டீச்சர் பேசினால் நன்றாக இருக்கும் என்று என்னை ஏற்றிவிட்டார்கள். பேசினேன். எண்ணும் எழுத்தும் என்று ஆரம்பித்து அடுக்கு மொழியில் வெளுத்து வாங்கினேன். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. மேடையை விட்டு இறங்கும்போதுதான் உறைத்தது, சொல்ல நினைத்ததில் ஒரு சொல்கூட அதில் இல்லை. அவர் எழுந்து எல்லோருக்கும் நன்றி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அவர் மகனுக்கு வேறு ஊரில் வேலை. அப்பா தனியாகக் கிடக்க வேண்டாம், ரிட்டையர் ஆனதும் அங்கேயே வந்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டான். நல்ல பிள்ளை. குறை சொல்ல முடியாது. என்னிடம் இலக்கணம் படித்தவன். சார் வாடகை வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார். லீவு முடிந்து நான் போகும்போது அந்த மேஜையின் அந்தப் பக்கத்தில் வேறு யாரோ உட்கார்ந்திருப்பார்கள். சூடான டீ கையில் இருந்தது, எதிரே அவர் இல்லை, எனக்கு அவரைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. போவதற்கு முன்னால் ஒரு தரம் அவர் இந்த மாடிக்கு வந்து உட்கார வேண்டும். யாராவது ஒருத்தர் வாயைத் திறக்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

ஒரு வாரத்தின் நடுவில் அவரே போன் செய்தார். ஸ்டாஃப் ரூம் பீரோ சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். இதற்கு ஒரு போனா என்று நான் கேட்கவில்லை. லீவு எப்படிப் போகிறது என்றார், நன்றாகப் போகிறது என்றேன். பிறகு அவர் சொன்னார்.

"வெள்ளிக்கிழமை உங்க தெருப் பக்கம் பென்ஷன் ஆபீஸ்ல ஒரு வேலை இருக்கு டீச்சர். அப்போ வரேன்."

"சரி சார், போயிட்டு வாங்க."

வைத்துவிட்டேன். அடுப்பில் பால் வைத்திருந்தேன், பொங்கிவிடப் போகிறது என்று ஓடினேன். பாலை இறக்கி வைத்த கையோடு அப்படியே நின்றுவிட்டேன்.

தினமும் சாயங்காலம் மணி அடித்ததும் அவர் பையை எடுத்துக்கொண்டு ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்று "அப்போ வரேன் டீச்சர்" என்பார். நான் திருத்துகிற நோட்டிலிருந்து தலையைத் தூக்காமலே "சரி சார், போயிட்டு வாங்க" என்பேன். இத்தனை வருஷமாக அது எங்கள் சாயங்காலத்தின் கடைசி வரி. விடைபெறுகிறவர் வரேன் என்றுதானே சொல்வார், போறேன் என்றா சொல்வார்? ஆனால் இன்றைக்கு அவர் வெள்ளிக்கிழமை என்று சொல்லிவிட்டு அல்லவா 'அப்போ வரேன்' என்றார். அந்த 'அப்போ' என்ன அப்போ? வெள்ளிக்கிழமை வரும்போது உங்கள் வீட்டுக்கு வருகிறேன் என்ற அப்போவா, சரி, அப்படியென்றால் போனை வைக்கிறேன் என்ற அப்போவா? ஒன்று காலத்தைக் காட்டுகிறது, மற்றது பேச்சை முடிக்கிறது. 'வரேன்' என்பது வருவதா, போவதா? எட்டாம் வகுப்புப் பையன் இப்படி இரண்டு அர்த்தம் வருகிற மாதிரி எழுதினால் ஓரத்தில் கேள்விக்குறி போட்டுத் தெளிவாக எழுது என்று எழுதுவேன். இவருக்கு எங்கே போய்க் கேள்விக்குறி போடுவது?

அதைவிட மோசம் என் பதில். அவர் வருகிறேன் என்று சொல்லியிருந்தால் நான் வாங்க என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும். போயிட்டு வாங்க என்றால் என்ன அர்த்தம்? போ என்று அர்த்தம். பழக்க தோஷத்தில் வாய் பாட்டுக்குச் சொல்லிவிட்டது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது.

கீழே போய் அண்ணியிடம் சொன்னேன். அண்ணி பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். சுற்றி வளைத்து, யாரோ ஒரு டீச்சரிடம் யாரோ ஒருத்தர் இப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று கேட்டேன். அவள் நிமிர்ந்தே பார்க்கவில்லை. உங்கள் கணக்கு சாரா என்றாள். இவளிடம் எதையும் மறைக்க முடியாது.

"திருப்பி ஒரு போன் போட்டு, வீட்டுக்கு வரீங்களா சார்னு கேட்டுட்டா முடிஞ்சு போச்சு. இதுக்கு எதுக்கு இலக்கணம்?"

அது எப்படிக் கேட்பது என்றேன். வருவதாக அவர் நினைக்கவே இல்லை என்றால் என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்றேன். மரியாதை என்று ஒன்று இருக்கிறதே என்றேன். மரியாதையைக் கட்டிக்கொண்டு மாடியில் உட்கார்ந்திரு என்று சொல்லிவிட்டு அண்ணி பட்டாணிப் பக்கம் திரும்பிவிட்டாள்.

போன் செய்யவில்லை. நான் பிடிவாதக்காரி. ஆனால் திரைச்சீலைகளைக் கழற்றித் துவைத்தேன். புத்தக அலமாரியைத் துடைத்தேன். மின்விசிறி இறக்கைகளில் இருந்த தூசியை ஸ்டூல்மேல் ஏறித் தட்டியபோது தும்மித் தும்மிக் கண்ணில் நீர் கொட்டியது. யாருக்காக இத்தனை அமர்க்களம் என்று அண்ணன் கேட்டான். வருஷா வருஷம் லீவில் சுத்தம் செய்வதுதானே என்றேன். நான் சுத்தம் செய்து அவன் பார்த்ததே இல்லை. அண்ணி அவனை உள்ளே கூப்பிட்டுக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. காலையிலிருந்தே எனக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. அவருக்குச் சர்க்கரை கூடாது. சர்க்கரை போடாமல் டீ போட்டு ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். குமட்டியது. இதையா இத்தனை வருஷம் குடிக்கிறார் என்று பாவமாக இருந்தது. அண்ணி எனக்குப் பொருந்தும் என்று எப்போதும் சொல்கிற நீலப் புடவையைக் கட்டினேன். ரொம்ப எடுப்பாக இருக்கிறதே என்று மாற்றினேன். திரும்ப நீலத்தையே கட்டினேன். குட்டி போட்ட பூனை மாதிரி ஜன்னலுக்கும் வாசலுக்கும் நடந்தேன். கேட் சத்தம் கேட்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்தேன். முதலில் காஸ் சிலிண்டர் ஆள். அப்புறம் கூரியர், அதுவும் எதிர்வீட்டுக்கு. அப்புறம் ஒருத்தரும் இல்லை.

பென்ஷன் ஆபீஸ் மூடுகிற நேரம் தாண்டியது. எனக்குக் கோபம் வந்தது. பெரிய மனுஷன்! ஒரு வாக்கியம் ஒழுங்காகப் பேசத் தெரியாதா? கணக்கில் ஒரு புள்ளி தவறினால் குதிக்கிற ஆள், பேச்சில் 'வீட்டுக்கு' என்ற ஒரு சொல்லையே விட்டுவிடலாமா? இவரையா நினைத்துக்கொண்டு ஒரு மாசமாகச் சூடான டீயை ஆறவிட்டுக்கொண்டிருந்தேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன். கோபம் ஒரு நல்ல துணை. அது இருக்கும்வரை அழ வேண்டியதில்லை.

சாயங்காலம் கடைக்குப் போயிருந்த அண்ணி மாடி ஏறி வந்தாள். முட்டிவலிக்காரி, மாடி ஏறவே மாட்டாள். மூச்சு வாங்க நாற்காலியில் உட்கார்ந்தாள், அவருக்காகப் போட்டிருந்த நாற்காலியில்.

தெருமுனை மருந்துக் கடை பெஞ்சில் அவரைப் பார்த்தாளாம். சோடா பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். சோடா குடிக்கிற மாதிரி தெரியவில்லையாம். வீட்டுக்கு வாங்க என்று அண்ணி கூப்பிட்டிருக்கிறாள். இல்லைங்க, நேரமாகிவிட்டது, நாளைக் காலையில் மகன் வண்டி கொண்டு வருகிறான், கிளம்ப வேண்டும் என்று எழுந்துவிட்டாராம்.

"இவ்வளவு தூரம் வந்துட்டு வாசலோட போறீங்களேன்னு கேட்டேன். டீச்சர் வாங்கன்னு சொல்லலையேன்னு சொன்னாரு. நீ என்னம்மா சொன்னே அந்த மனுஷன்கிட்டே?"

போயிட்டு வாங்கன்னு சொன்னேன் அண்ணி, என்றேன். கோபம் இருந்த இடத்தில் இப்போது ஒன்றுமில்லை. அண்ணி என்னைப் பார்த்தாள். எதற்கெடுத்தாலும் கிண்டல் செய்கிறவள், என் தலையை ஒரு தரம் தடவிவிட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கிப் போனாள்.

மறுநாள் காலை காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவளாட்டம் கிளம்பினேன். ஆட்டோவில் உட்கார்ந்து என்ன சொல்வது என்று வரிசையாகக் கட்டிவைத்தேன். முதலில் மன்னிப்பு. பிறகு விளக்கம், வாய் தவறிச் சொன்னது என்று. பிறகு சொல்ல வேண்டியது. ஒரு வாக்கியம் நன்றாகவே அமைந்திருந்தது. எழுவாய், பயனிலை எல்லாம் சரியாக இருந்தது.

அவர் வீட்டு வாசலில் கார் நின்றது. பின்சீட்டில் தலையணை உறைகளில் திணித்த புத்தகங்கள், மேலே ஒரு மடக்கு நாற்காலி. கதவு திறந்து கிடந்தது; உள்ளே சுவரில் படங்கள் இருந்த இடமெல்லாம் வெளுத்த சதுரங்களாகத் தெரிந்தன. மகன் என்னைப் பார்த்ததும் ஓடி வந்தான். மிஸ், நீங்களா, வாங்க, உட்காரக்கூட ஒன்றும் இல்லையே என்று தடுமாறினான். தாடியெல்லாம் வைத்துக்கொண்டு பெரிய ஆளாகியிருந்தான். என் முன்னால் கையைக் கட்டிக்கொண்டுதான் நின்றான்.

அவர் வெளியே வந்து கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பினார். என்னைப் பார்த்தார். நான் கட்டிவைத்த வாக்கியங்கள் எல்லாம் எங்கே போயின என்று தெரியவில்லை. எல்லாம் எடுத்து வைத்தாயிற்றா சார் என்று கேட்டேன். ஆயிற்று என்றார். வழியில் வெயில் அதிகமாக இருக்கும் என்றேன். ஆமாம், தண்ணீர் எடுத்துக்கொண்டோம் என்றார். இரண்டு பேரும் காரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மகன் இரண்டு தரம் கைக்கடிகாரத்தைப் பார்த்தான், எனக்குத் தெரியக்கூடாது என்று நினைத்துக்கொண்டு.

அவர் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். கார் கண்ணாடியை இறக்கினார். நான் நேற்றுக் கட்டிய அதே நீலப் புடவையில் நின்றுகொண்டிருந்தேன். அதை அவர் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"அப்போ வரேன் டீச்சர்."

சரி சார் என்பது வரைக்கும் என் நாக்கு நுனியில் வந்துவிட்டது. பல்லைக் கடித்து நிறுத்தினேன்.

"எப்போ?"

விடைபெறுகிறவரிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை. சாவியில் கை வைத்திருந்த மகன் திரும்பிப் பார்த்தான். என் காது சூடாகிவிட்டது. என்னிடம் இலக்கணம் படித்த பையன் முன்னால், நடுத்தெருவில், இந்த வயதில். ஆனால் கேட்டாகிவிட்டது, இனித் திருப்பி எடுக்க முடியாது. அவர் பதில் சொல்லாமல் நான் அந்த இடத்தை விட்டு நகரப் போவதில்லை.

எந்தக் கணக்குக்கும் சட்டென்று விடை சொல்கிற மனிதர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். நிதானமாகத் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொண்டார். மகன் பக்கம் பார்க்கவே இல்லை.

"நீ எப்போ கூப்பிடறியோ, அப்போ."

மகனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. என்ன செய்வதென்று தெரியாதவர்கள் செய்வதைச் செய்தான், வண்டியை எடுத்துவிட்டான். வரேன் மிஸ் என்று அவனும் ஏதோ முணுமுணுத்தான். கார் நகர்ந்தது. நான் நின்ற இடத்திலேயே நின்றேன். நீ என்றார். இத்தனை வருஷ நீங்களை, வாங்களை, டீச்சரையெல்லாம் ஒரே எழுத்தில் கழித்துவிட்டார். என்னை நீ என்று சொல்ல அண்ணனையும் அண்ணியையும் விட்டால் இந்த உலகத்தில் யாரும் இல்லை. எனக்கு எவ்வளவு ஆசை இருந்திருக்கிறது என்று அந்த ஒரு எழுத்துக்குப் பிறகுதான் எனக்கே தெரிந்தது.

கார் தெருமுனை வரை போய், குறுக்கே ஒரு லாரி திரும்புவதற்காக நின்றது. பின்விளக்கு சிவப்பாக எரிந்தது. நான் பையைத் துழாவிப் போனை எடுத்தேன். பதற்றத்தில் முதலில் அண்ணியின் எண்ணைத் தொட்டுவிட்டு, அவசரமாகத் துண்டித்து, மறுபடி தேடி அழுத்தினேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார். ஹலோ என்றுகூட அவர் சொல்லவில்லை. லாரியின் ஹாரன் சத்தம் போனிலும் கேட்டது, தெருவிலும் கேட்டது.

"இப்போ," என்றேன்.